அறிவிப்புப் பலகையும் காப்புரிமைக் கோரலும்: பொதுப் போக்குவரத்து நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பேருந்து, ரயில் வருகை நேரப் பலகைகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், ஒப்பந்தப்புள்ளி கோரி அவற்றை வாங்கி நிறுவும் பொதுப் போக்குவரத்து நிர்வாகிகளுக்கும், அந்நிர்வாகங்களின் சட்ட ஆலோசகர்களுக்கும்,



ஓடும் வண்டியிலிருந்து கம்பியில்லா வழியாக வரும் தகவலைக் கொண்டு, காத்திருக்கும் பயணிக்கு அந்த வண்டி எப்போது வரும் என்று அறிவிப்பது யாருடைய கண்டுபிடிப்பு என்ற கேள்வி, அமெரிக்க நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டது. அந்தக் கேள்விக்கு நீதிபதிகள் விடை சொல்வதற்கு முன்பே பணம் கைமாறி முடித்துக்கொள்ளப்பட்ட வழக்குகளே மிகப் பல. அப்படிக் கைமாறிய பணத்தில் ஒரு பகுதி, பயணச்சீட்டுக் கட்டணமாகவும் வரியாகவும் மக்கள் கொடுத்த பணம். அந்த வழக்குகளின் வரலாற்றை இம்மடல் தங்கள் முன் வைப்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு: வலுவற்ற காப்புரிமை ஒன்று தன் வலிமையால் பணம் ஈட்டுவதில்லை, வழக்கை எதிர்கொள்ள அஞ்சும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே செய்துகொள்ளும் சமரசத்தால்தான் ஈட்டுகிறது, எனவே அதற்கான மருந்தும் நிறுவனங்கள் கூட்டாகச் செயல்படுவதிலும், தம் பணிகளைத் தேதியிட்டுப் பதிவு செய்து வைப்பதிலும்தான் இருக்கிறது.

முதலில் தொழில்நுட்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வருகை நேரப் பலகை ஒவ்வொன்றின் பின்னாலும் மூன்று வேலைகள் நடக்கின்றன: வண்டி எங்கே இருக்கிறது என்று கண்டறிதல், அந்த இருப்பிடத்திலிருந்து நிறுத்தத்தை வந்தடைய ஆகும் நேரத்தைக் கணித்தல், கணித்த நேரத்தைப் பலகைக்கு அனுப்பி அதிலுள்ள எழுத்துகளை மாற்றுதல். இன்று முதல் வேலையைச் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் ஜிபிஎஸ் கருவி செய்துவிடுகிறது. ஆனால் அமெரிக்க அரசு 2000 மே மாதம்வரை பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் அலைகளில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்ததால், அக்காலத்தில் இருப்பிடக் கணக்கு ஏறத்தாழ 100 மீட்டர்வரை பிசகக்கூடியதாக இருந்தது. நெருக்கமான நகரத் தெருக்களில் உயர்ந்த கட்டடங்கள் அலைகளை மறைத்தது வேறு. ஆகவே தொடக்ககாலப் பொறியாளர்கள் எளிய வேறொரு முறையைக் கையாண்டார்கள். சாலையோரக் கம்பங்களில் சிறு வானொலி அலைபரப்பிகளைப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்தார்கள். கம்பத்தைக் கடக்கும் பேருந்திலுள்ள கருவி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும். அதன்பின் சக்கரம் சுழன்ற கணக்கை வைத்து, கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கூட்டிக்கொள்ளும். கட்டுப்பாட்டு நிலையம் வானொலி வழியாகக் கேட்கும்போது அந்தத் தகவலை அனுப்பும்.

லண்டன் மாநகரில் 18-ஆம் எண் பேருந்துத் தடத்தில் 1992-இல் சோதனை முறையில் அமைக்கப்பட்ட 'கவுன்ட்டவுன்' பலகைகள் இந்த வழியைச் சேர்ந்தவை. ஒளிப்புள்ளிகளால் ஆன அந்தப் பலகையில் ஒவ்வொரு வரியிலும் தட எண், சேருமிடம், இன்னும் எத்தனை நிமிடம் என்ற மூன்று செய்திகள் வரும்; பேருந்து நெருங்க நெருங்க நிமிடக் கணக்கு ஒவ்வொன்றாகக் குறையும்; முன்னால் வந்த வண்டி புறப்பட்டதும் அதன் வரி நீங்கி, அடுத்த வண்டியின் வரி மேலே ஏறும். பயணியின் கண்ணில் படுவது ஓர் எண் மாறுவது மட்டுமே. அந்த ஓர் எண் மாற, கம்பத்து அலைபரப்பி, சக்கரக் கணக்கு, வானொலி அழைப்பு, கட்டுப்பாட்டு நிலையக் கணினி என்ற நான்கும் ஒன்றையொன்று தவறவிடாமல் இயங்கியாக வேண்டும். அவற்றை இணைத்து, மழையிலும் நெரிசலிலும் பிழையின்றி ஓடச் செய்த உழைப்புக்குரியவர்கள் பொதுப்பணியில் இருந்த பொறியாளர்களும் அவர்களுக்குக் கருவி செய்து கொடுத்த நிறுவனங்களும்தான்.

இனிக் காப்புரிமைக்கு வருவோம். காப்புரிமை என்பது, புதிய கண்டுபிடிப்பு ஒன்றை முழுமையாக வெளிப்படுத்துபவருக்கு, அதைப் பிறர் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு அரசு வழங்கும் ஏற்பாடு. அந்த உரிமையின் எல்லையை வரையறுப்பவை விண்ணப்பத்தின் இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் 'கோரல்கள்'. ஒரு கோரலில் சொல்லப்பட்ட எல்லா உறுப்புகளும் ஒரு கருவியில் இருந்தால் மட்டுமே மீறல் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும். விண்ணப்பத் தேதிக்கு முன் பொதுவெளியில் அறியப்பட்டிருந்த நூல், கட்டுரை, கருவி, பயன்பாடு ஆகியவை 'முன்னறிவு' எனப்படும். கோரப்படுவது முன்னறிவில் ஏற்கெனவே இருந்தாலோ, அத்துறையில் சாதாரணத் தேர்ச்சியுடைய ஒருவருக்கு முன்னறிவிலிருந்து எளிதில் தோன்றக்கூடியதாக இருந்தாலோ, உரிமை வழங்கப்படக் கூடாது. தவறி வழங்கப்பட்டிருந்தாலும் அது நிலைக்கக் கூடாது. விண்ணப்பத் தேதி இத்துணை முக்கியமானது என்பதால், அந்தத் தேதிக்கு முன் ஒரு வேலை நடந்தது என்று காட்டும் தாள் ஒவ்வொன்றும் விலைமதிப்புடையதாகிறது.

அமெரிக்காவில் மார்ட்டின் கெல்லி ஜோன்ஸ் என்பவர், பள்ளிப் பேருந்து வீட்டருகே வருவதற்குச் சற்று முன் பெற்றோரின் தொலைபேசியை ஒலிக்கச் செய்து தெரிவிக்கும் ஏற்பாட்டுக்காக 1993 மே மாதத்தில் காப்புரிமை விண்ணப்பம் அளித்தார். பனியிலும் இருட்டிலும் குழந்தைகள் தெருவில் காத்து நிற்பதைத் தவிர்க்க நினைத்த அந்த எண்ணம் நல்லெண்ணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு விண்ணப்பத்தோடு முயற்சி நிற்கவில்லை. முதல் விண்ணப்பத்தின் விளக்கவுரையையே அடிப்படையாக வைத்து, அதே பழைய தேதியின் பலனைப் பெற்றுக்கொண்டு, புதிய கோரல்களை எழுதிச் சேர்க்க அமெரிக்கச் சட்டம் 'தொடர் விண்ணப்பம்' என்ற வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் பிறர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, அதை உள்ளடக்கும்படி கோரல்களின் சொற்களை அமைத்துக்கொள்ள இந்த வழி இடமளிக்கிறது. இவ்வாறு கிளைத்த காப்புரிமைக் குடும்பம், காலப்போக்கில் பள்ளிப் பேருந்தையும் வீட்டுத் தொலைபேசியையும் கடந்து, வண்டியின் இருப்பிடத்தைத் தொலைவிலிருந்து கண்காணித்து அதன் வருகையையோ தாமதத்தையோ பிறருக்கு அறிவிக்கும் எந்த ஏற்பாட்டையும் தொடக்கூடியதாக விரிந்தது.

அந்தக் காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த, லக்சம்பர்க்கில் பதிவுபெற்ற அரைவல்ஸ்டார் நிறுவனம், பேருந்தோ பலகையோ செய்து விற்காமல், உரிமக் கட்டணம் கேட்பதையும் வழக்குத் தொடுப்பதையுமே தொழிலாகக் கொண்டிருந்தது. சரக்கு அனுப்பும் நிறுவனங்கள், இணைய வணிகர்கள் ஆகியோரோடு, பாஸ்டன், நியூயார்க், சியாட்டில் முதலிய நகரங்களின் பொதுப் போக்குவரத்து அமைப்புகளும் அதன் வழக்குப் பட்டியலில் இடம்பெற்றன. காத்திருப்போருக்கு வண்டி எங்கே வருகிறது என்று சொன்னதுதான் அந்த அமைப்புகள் செய்த காரியம். சியாட்டில் வட்டாரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, உடனடி வருகைத் தகவல் இல்லாத பயணிகள் தாம் காத்திருந்த நேரத்தை உண்மையைவிட நீண்டதாக உணர்கிறார்கள் என்றும், தகவல் கிடைத்தவர்களிடம் அந்த மிகையுணர்வு காணப்படவில்லை என்றும் காட்டியது. புதிய வண்டி ஒன்றும் வாங்காமல், பயணியின் காத்திருப்பை மனத்தளவில் குறைத்துவிடும் இத்தகைய பொதுநலச் சேவையின் மீதுதான் கட்டணம் கேட்கப்பட்டது.

கேட்கப்பட்ட தொகை பெரும்பாலும் சில பத்தாயிரம் டாலர் அளவில் இருந்ததில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழக்கை விசாரணை முடியும்வரை நடத்தப் பல லட்சம் டாலர் செலவாகும். வென்றாலும், வழக்கறிஞர் செலவைத் தோற்றவர் தருவது அங்கே பொது விதி அன்று. எனவே, காப்புரிமை செல்லாது என்று உறுதியாக நம்பும் நிர்வாகி கூட, கணக்குப் பார்த்தால் பணத்தைக் கொடுத்துவிடுவதே மலிவு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அவர் தம் அமைப்பின் கணக்கில் தவறு செய்யவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் சேராத ஒரு செலவு இருக்கிறது: அவர் கொடுத்த தொகை அடுத்த நகரத்தின் மீது தொடுக்கப்படும் வழக்குக்கு முதலீடாகிறது, அவர் கையெழுத்திட்ட உரிமம், 'இன்னாரும் ஏற்றுக்கொண்டார்கள்' என்று அடுத்தவரிடம் காட்டும் சான்றாகிறது, காப்புரிமை செல்லுமா என்ற கேள்வியோ யாராலும் விசாரிக்கப்படாமலேயே கிடக்கிறது. தனியொருவருக்குச் சிக்கனமாகத் தோன்றும் சமரசம், எல்லோரும் செய்யும்போது எல்லோருக்கும் பெருஞ்செலவாக முடிகிறது.

பொது அமைப்புகள் இலக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. தனியார் நிறுவனம் தன் தொழில்நுட்பத்தை மறைத்துக்கொள்ளலாம். பொது அமைப்போ ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே எந்தக் கருவி, எந்த முறை, எந்த நிறுவனம் என்று விரிவாக வெளியிட்டாக வேண்டும். வழக்குத் தொடுக்க நினைப்பவருக்கு அந்த ஆவணமே வழிகாட்டியாகிவிடுகிறது. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அமெரிக்க அரசியலமைப்பின் 11-ஆம் திருத்தத்தின்படி மாநில அரசுகளின் மீது கூட்டரசு நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு காப்புரிமை வழக்குகளுக்கும் பொருந்தும் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1999-இல் ஃபுளோரிடா மாநிலம் தொடர்பான வழக்கொன்றில் உறுதிசெய்தது. ஆனால் நகராட்சிகளுக்கும் மாவட்ட நிர்வாகங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே வேலையைச் செய்யும் இரு போக்குவரத்து அமைப்புகளில் ஒன்று மாநிலத்தின் உறுப்பாக இருந்து தப்புவதும், மற்றொன்று நகரத்தின் உறுப்பாக இருந்து பணம் கட்டுவதுமான நிலை உண்டாயிற்று.

நிலைமை மாறியது தனித்தனியே நின்றவர்கள் ஒன்றுசேர்ந்த பின்புதான். எலக்ட்ரானிக் ஃபிரான்ட்டியர் ஃபவுண்டேஷன் என்ற எண்ணியல் உரிமை அமைப்பு, பெர்க்லி சட்டக் கல்லூரியின் சாமுவல்சன் சட்ட உதவி மையத்தின் துணையோடு, அரைவல்ஸ்டாரின் காப்புரிமைகளுள் ஒன்றை மறு ஆய்வு செய்யும்படி அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திடம் விண்ணப்பித்தது. மறு ஆய்வு என்பது, வழங்கும்போது அலுவலகத்தின் பார்வைக்கு வராத முன்னறிவைக் காட்டி, வழங்கிய உரிமையைத் திரும்பச் சோதிக்கச் சொல்லும் வழி. வழக்கைவிடச் செலவு மிகக் குறைந்தது. அதன் முடிவில் அக்காப்புரிமையின் எல்லை குறுக்கப்பட்டது. மறுபுறம், பொதுப் போக்குவரத்து அமைப்புகளின் கூட்டமைப்பான அமெரிக்கப் பொதுப் போக்குவரத்துச் சங்கம், பொதுநலக் காப்புரிமை அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள் மூலம், 2013 ஜூன் மாதம் நியூயார்க்கிலுள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் தானே முன்சென்று வழக்குத் தொடுத்தது; அந்தக் காப்புரிமைகள் செல்லாதவை என்றும், உறுப்பினர்கள் எதையும் மீறவில்லை என்றும் அறிவிக்குமாறு கோரியது. இரண்டே மாதங்களில், ஆகஸ்டில், எதிர்த்தரப்பு இறங்கி வந்தது. சங்கத்தின் பொது உறுப்பினர்கள் மீதும், அவர்களுக்குக் கருவிகளும் சேவைகளும் வழங்கும் நிறுவனங்கள் மீதும் இனிக் காப்புரிமை மீறல் கோருவதில்லை என்ற உடன்பாட்டோடு வழக்கு முடிந்தது. ஒவ்வொரு நகரமாக ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியும் கிடைக்காத பாதுகாப்பு, ஒரே வழக்கில் கூட்டாக நின்றதால் கருவி வழங்குவோர் உட்பட எல்லோருக்கும் கிடைத்தது.

அந்தக் காப்புரிமைகளின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது, ஏனெனில் பொது அமைப்புகள் விடுபட்ட பின் சுமை சிறு வணிகர்கள் மீது இறங்கியது. ஷிப்பிங் அண்ட் டிரான்சிட் என்ற பெயரில் இயங்கிய வாரிசு நிறுவனம், 2016-இல் அமெரிக்காவில் மிக அதிகமாகக் காப்புரிமை வழக்குத் தொடுத்தவர்களின் வரிசையில் முன்னணியில் இருந்தது. 1993-இல் வேர்விட்ட உரிமைகள் அதற்குள் பெரும்பாலும் காலாவதியாகியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். காலாவதியான காப்புரிமைக்கும் அது உயிரோடு இருந்த காலத்தில் நடந்த மீறலுக்காக, வழக்குத் தேதியிலிருந்து பின்னோக்கி 6 ஆண்டுவரை இழப்பீடு கேட்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே உரிமை செத்த பின்பும் கோரிக்கை சில காலம் நடமாடியது.

இதற்கிடையே சட்டத்தின் இரண்டு கதவுகள் மாறியிருந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ஆக்டேன் ஃபிட்னஸ் வழக்கில், வழக்கத்துக்கு மாறாக வலுவற்ற அல்லது முறையற்ற வழக்குகளில் வென்றவருக்கு வழக்கறிஞர் செலவை வழங்கக் கீழ் நீதிமன்றங்களுக்கு இருந்த தடையைத் தளர்த்தியது; அதே ஆண்டு ஜூனில் ஆலிஸ் வழக்கில், வெறும் கருத்தை எடுத்துச் சாதாரணக் கணினியில் செய்வதாகச் சொல்வதால் மட்டுமே அது காப்புரிமைக்குத் தகுதி பெற்றுவிடாது என்று தீர்ப்பளித்தது. இவ்விரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஹால் என்டர்பிரைசஸ் என்னும் நிறுவனம் பணம் தர மறுத்து எதிர்த்து நின்றபோது, வழக்குத் தொடுத்த ஷிப்பிங் அண்ட் டிரான்சிட் காப்புரிமையின் தகுதி விசாரிக்கப்படுமுன்பே பின்வாங்கியது. எனினும் கலிபோர்னியாவின் கூட்டரசு நீதிபதி ஆண்ட்ரூ கில்ஃபோர்டு அத்துடன் விடாமல், எதிர்ப்பு வரும்போதெல்லாம் விசாரணையைத் தவிர்த்து விலகும் அந்தப் போக்கைச் சுட்டிக்காட்டி, 2017 ஜூலையில் 36,317 டாலர் வழக்கறிஞர் செலவைக் கொடுக்கும்படி ஆணையிட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஷிப்பிங் அண்ட் டிரான்சிட் திவால் மனு அளித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் காப்புரிமைகளின் மொத்த மதிப்பாக அது தன் சொத்துப் பட்டியலில் குறிப்பிட்ட தொகை ஒரு டாலர். எத்தனையோ நிறுவனங்களிடம் பல்லாயிரம் டாலர்களுக்கு உரிமமாக விற்கப்பட்ட பொருளின் விலை அது.

கண்டுபிடிப்பாளருக்கு உரிமையே வேண்டாம் என்று இம்மடல் வாதிடவில்லை. கம்பத்து அலைபரப்பியின் மின்செலவைக் குறைக்கும் சுற்று, நெரிசலில் வருகை நேரத்தைத் திருத்தமாகக் கணிக்கும் வழி, வெயிலில் படிக்கக்கூடிய பலகை ஆகியவற்றை உருவாக்கிய பொறியாளர், அந்தக் குறிப்பிட்ட வழிக்கு உரிமை பெறுவதில் நியாயம் இருக்கிறது. அத்தகைய உரிமையைப் பொது அமைப்புகள் மதித்து, உரிய விலை கொடுத்தே பயன்படுத்த வேண்டும். வேறுபடுத்திக் காண வேண்டியது, ஒரு வழிக்குக் கோரப்படும் உரிமையையும் ஒரு பயனுக்குக் கோரப்படும் உரிமையையும்தான். வண்டி வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லுதல் என்பது பயன். அதை அடைய ஆயிரம் வழிகள் உண்டு. பயனையே ஒருவர் வேலியிட்டுக்கொள்ள அனுமதித்தால், இன்னும் சிறந்த வழியைத் தேடும் அடுத்த பொறியாளருக்குத்தான் தண்டனை கிடைக்கும். லண்டனின் 1992-ஆம் ஆண்டுப் பலகைகள் வீட்டுத் தொலைபேசியை ஒலிக்கச் செய்யவில்லை என்பது உண்மை. ஆயினும், ஓடும் வண்டியின் இருப்பிடத்தைக் கம்பியில்லா முறையில் அறிந்து, வருகையைக் கணித்து, காத்திருப்பவருக்கு அறிவித்தல் என்ற அடிப்படை ஏற்பாடு 1993-க்கு முன்பே தெருவில் இயங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு அவை கண்முன் நின்ற சான்று.

இந்தியாவில் பணிபுரிவோருக்கு இங்கே ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலுள்ள, ஆங்கில வரிசையில் 'கே' எனப்படும் உட்பிரிவு, கணக்கு முறை, வணிக முறை, படிமுறை (அல்காரிதம்) ஆகியவற்றையும், நிரல் என்ற அளவில் மட்டும் நிற்கும் கணினி நிரலையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 25-ஆம் பிரிவின்படி, விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின் உரிமை வழங்கப்படும்வரை எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வழங்கப்பட்ட செய்தி வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் அக்கறையுள்ளவர் எதிர்க்கலாம். 64-ஆம் பிரிவு, முன்னறிவில் இருந்தது என்றோ எளிதில் தோன்றக்கூடியது என்றோ காட்டி உரிமையை நீக்கக் கோரும் வழியைத் தருகிறது. கதவுகள் திறந்திருக்கின்றன, ஆனால் தேதியிட்ட சான்று கையில் இல்லாதவருக்கு அவற்றால் பயன் இல்லை.

எனவே தங்கள் முன் நான்கு வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது, பலகை அமைக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் கருவிகளின் இணைப்பு வரைபடம், தகவல் செல்லும் வழி, நேரக் கணிப்பு முறை, சோதனை ஓட்டத்தின் முடிவு ஆகியவற்றைத் தேதியுடன் எழுதி, பொதுமக்களும் ஆய்வாளர்களும் படிக்கும்படி வெளியிடுங்கள். வெளியிடப்பட்ட ஆவணம் நாளைய முன்னறிவு, பெட்டியில் பூட்டிய கோப்பு அவ்வாறு ஆவது கடினம். இரண்டாவது, கருவி வழங்கும் நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், காப்புரிமை மீறல் வழக்கு வந்தால் அதை நடத்தும் பொறுப்பும் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பும் அந்நிறுவனத்துடையவை என்ற பிரிவைத் தவறாமல் சேருங்கள். கருவியை நன்கு அறிந்தவர் அவர்தான், ஒரே வாதத்தால் பல நகரங்களைக் காக்கக்கூடியவரும் அவர்தான். மூன்றாவது, கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால், எந்தக் கோரலின் எந்த உறுப்பு தங்கள் கருவியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று வரிக்கு வரி காட்டும்படி முதலில் கேளுங்கள். அதைக் காட்ட முடியாதவரிடம் விலை பேசத் தொடங்காதீர்கள். நான்காவது, அந்தக் கடிதத்தை மூடி வைக்காமல் மற்ற நகரங்களின் போக்குவரத்து அமைப்புகளோடு உடனே பகிர்ந்துகொள்ளுங்கள்; சமரசம் செய்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், அதன் விவரத்தை மறைக்கும் நிபந்தனையை ஏற்காதீர்கள், ஏனெனில் கட்டப்படுவது பொதுப்பணம், அது எதற்குப் போனது என்று அறியும் உரிமை அதைக் கட்டியவர்களுக்கு உண்டு.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. எதுவும் ஒரு நிர்வாகம் மட்டும் செய்து முழுப் பலன் காணக்கூடியதும் அன்று. அமெரிக்கப் போக்குவரத்து அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டிய பிறகு கற்றுக்கொண்ட பாடத்தை, மற்ற நாட்டு நிர்வாகங்கள் மறுபடி பணம் கட்டித்தான் கற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்த ஒப்பந்தப்புள்ளி ஆவணம் எழுதப்படும்போதே இந்தப் பாதுகாப்புகள் அதில் இடம்பெற வேண்டும் என்பதும், அதற்கு முன் தங்கள் அமைப்புகளின் கூட்டமைப்பு இதற்கென ஒரு பொது ஆவணக் களஞ்சியத்தையும் கூட்டுச் சட்ட உதவி நிதியையும் தொடங்க வேண்டும் என்பதுமே இம்மடலின் வேண்டுகோள்.

பொதுப் போக்குவரத்தின் நலன் நாடி,
காப்புரிமைச் சட்டத்தின் நேர்மையில் அக்கறை கொண்டோர் சார்பில்.